ஊசிக்குச் சம்மதம்

ஷில்பா போனில் கூப்பிட்டபோது நான் பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு காலத்தில் என் வார்டில் புதிதாகச் சேர்ந்து, மருந்துக் குப்பியின் கழுத்தை உடைக்கவே கை நடுங்கிய பெண் அவள். இப்போது அந்த வார்டுக்கே அவள்தான் பொறுப்பு. புதிய நர்ஸ்களுக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறார்களாம். கல்லீரல் சுருங்கிப்போன நோயாளிக்கு வயிற்று நீரில் கிருமி சேர்ந்துவிட்டால் யார் பிழைக்கிறார், யார் பிழைப்பதில்லை, அதை எதை வைத்துச் சொல்வது என்பது அன்றைய பாடம். டாக்டர்கள் திரையில் படம் போட்டு விளக்குவார்கள், நீங்கள் வந்து உங்கள் காலத்து அனுபவத்தைப் பத்து நிமிஷம் சொல்லுங்கள் மேடம் என்றாள்.

போனேன். ஓர் இளம் டாக்டர் கைப்பேசியில் நாலைந்து எண்களைத் தட்டினார். நோயாளி தேறுவாரா மாட்டாரா என்பதற்கு அது ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுத்தது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது, மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது, இரத்தம் ஒழுங்காக உறைகிறதா, நினைவு தெளிவா, மருந்து எவ்வளவு சீக்கிரம் உள்ளே போனது என்று நாங்களும் இதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கைப்பேசிக்குப் பதிலாக எங்கள் வார்டு டாக்டர் லிமயேயின் நெற்றிச் சுருக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

என் முறை வந்தது. முத்தையா என்ற என் பழைய நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அவரைக் கட்டிலில் படுக்க வைப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, வீட்டார் ஊசிக்குச் சம்மதிக்கவில்லை என்றால் என்ன செய்வது மேடம் என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது. டீ வந்தால் பாடம் முடிந்தது என்று அர்த்தம். ஒரு வடாபாவைக் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். அரைகுறையாக விட்ட பேச்சு வயிற்றில் தங்கிய சாப்பாடு மாதிரி தொந்தரவு செய்தது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழில் எழுத இன்னொரு சௌகரியமும் உண்டு. என் மகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே அரை நாள் ஆகும், ஆகவே குறுக்கே வந்து திருத்த மாட்டான்.

நான் பாளையங்கோட்டைக்காரி. அங்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு. படுக்கை விரிப்பில் ஒரு மடிப்பு இருந்தாலும் திரும்ப விரிக்கச் சொல்லும் கண்டிப்பான இடம். அதைப் பற்றி எழுதினால் அதுவே தனிக் கதையாகிவிடும், வேண்டாம். கல்யாணமானதும் பாதுகாப்புக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த கணவரோடு புனேவுக்கு வந்தேன். கேம்ப் பக்கத்தில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. இந்தி கொஞ்சம், மராத்தி சுத்தமாகத் தெரியாது. நோயாளிகளிடமே கற்றுக்கொண்டேன். அதனால் இன்றைக்கும் எனக்கு உடம்பு வலி சம்பந்தப்பட்ட மராத்தி நன்றாக வரும், காய்கறிக் கடையில் திக்குவேன்.

டாக்டர் லிமயே எங்கள் வார்டின் பெரிய டாக்டர். குள்ளமான மனிதர். குரல் உயர்த்த மாட்டார். வயிற்றில் கை வைப்பதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கை வைத்த பிறகு வயிற்றைப் பார்க்க மாட்டார், நோயாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வயிறு பொய் சொல்லும், முகம் சொல்லாது என்பது அவர் கணக்கு. ஆனால் அவ்வளவு நிதானமான மனிதருக்கு ஒரே ஒரு விஷயத்தில் பொறுமை கிடையாது. வயிற்றில் நீர் கட்டிய நோயாளி வந்தால் அன்றைக்கே ஊசி வைத்து அதில் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பிறகு லேசாக உடம்பு சுட்டாலும், பேச்சு குழம்பினாலும், சிறுநீர் குறைந்தாலும் மறுபடி எடுக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் அவருடைய பதில் ஒரே சொல்தான்: "ஆத்தா."

முதல் வாரம் ரவுண்ட்ஸில் அவர் கட்டிலுக்குக் கட்டில் ஆத்தா, ஆத்தா என்று சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டு, இவ்வளவு படித்தவருக்கு மாரியம்மன் மேல் இத்தனை பக்தியா என்று அசந்துபோனேன். புனேவில் மாரியம்மனுக்கு என்ன வேலை என்றும் ஒரு சந்தேகம். சுனந்தாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு விளக்கினாள். மராத்தியில் ஆத்தா என்றால் இப்போதே, இந்த நிமிஷமே என்று அர்த்தம். சுனந்தா என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த மராத்திப் பெண். அதற்குப் பிறகு பல வருஷம் அவளுக்கு நான்தான் சிரிப்பு.

முத்தையா வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். காரைக்குடிப் பக்கத்து ஆள், ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் பெயின்ட் பிரிவில் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அங்கேயே. பெரிய வயிறு, மெலிந்த கை கால், மஞ்சள் கண். அவர் வாயில் சாராயம் பட்டதே இல்லை. காமாலைக் கிருமி சத்தமில்லாமல் உள்ளேயே இருந்து கல்லீரலைத் தின்றிருக்கிறது. ஆனால் கல்லீரல் என்றதும் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அவர் மனைவி சிவகாமியிடம் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்தப் பெண் ஒவ்வொருவருக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டியே ஓய்ந்துபோனாள்.

முத்தையாவின் மராத்தி அவ்வளவு சுத்தம். சுனந்தாவோடு ஏட்டிக்குப் போட்டி பேசுவார். என்னுடைய மராத்தியைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு, "சிஸ்டர், நீங்க தமிழ்லயே திட்டுங்க, அதுல ஒரு லட்சணம் இருக்கு" என்பார். சிவகாமிக்கு மராத்தி காய்கறி வாங்கும் அளவுக்குத்தான். வீட்டில் முழுக்கத் தமிழ். வெளியே வந்தால் அவர் மராத்திக்காரர், வாசல்படி தாண்டி உள்ளே போனால் காரைக்குடிக்காரர். அந்தக் கோடு அவரிடம் அழியவே அழியாது.

சேர்ந்த அன்றே டாக்டர் ஊசி வைக்கச் சொன்னார். வீட்டார் மறுத்துவிட்டார்கள். மறுத்தது சிவகாமியில்லை, முத்தையாவின் அண்ணன் அழகப்பன். மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்று சாங்வியில் குடியிருந்தவர். தம்பியைப் படிக்க வைத்து, புனேவுக்குக் கூட்டி வந்து, வேலையில் சேர்த்துவிட்டவர். பத்துப் பேர் கூடிய இடத்தில் அவர் பேசினால் மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். என்ன மருந்து வேண்டுமானாலும் கொடுங்கள், தண்ணீர் மட்டும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய அப்பாவுக்கும் இதே வயிறுதான் இருந்ததாம். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தண்ணீர் எடுத்தார்கள், மறுநாள் ஆள் இல்லை.

இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊரிலும் உண்டு, இங்கே மராத்திக்காரர்களிடமும் உண்டு. தண்ணீர் எடுத்தால் உயிரும் கூடவே வந்துவிடும் என்பார்கள். டாக்டர் வாதாடவில்லை. ஆனால் தினமும் காலையில் வந்து சிவகாமியிடம் கேட்பார். அவள் பெரியத்தானைக் கேட்கணும் என்பாள். பெரியத்தான் என்றால் கணவரின் அண்ணன் என்று டாக்டருக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலை வேளை. சுனந்தா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். உன் ஊர்க்காரருக்கு இன்றைக்கு என்ன வந்தது, என்னைப் பார்த்தால் 'ஆத்தா, ஆத்தா' என்று அதிகாரம் செய்கிறார், என்ன இப்போதே வேண்டும் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், நான் என்ன அவர் வீட்டு வேலைக்காரியா என்று மராத்தியில் பொரிந்தாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இரண்டு எட்டு நடந்தேன். மூன்றாவது எட்டில் சிரிப்பு நின்றுவிட்டது.

முத்தையா யாரையும் அதிகாரம் செய்கிறவர் இல்லை. அவசரம் என்றால்கூட, சிரமப்படாமல் மெதுவாக வாருங்கள் என்றுதான் சுனந்தாவிடம் சொல்வார். அப்படியானால் அந்த ஆத்தா மராத்தி ஆத்தா இல்லை.

கட்டில் அருகே போனேன். ஜன்னல் வழியாக நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. என்ன முத்தையா, என்ன வேணும் என்று தமிழில் கேட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற சுனந்தாவைக் காட்டி, "ஆத்தா வெளக்க அணைக்காமப் போறா பாருங்க" என்றார். அவருடைய அம்மா இறந்து வருஷக்கணக்காகிவிட்டது.

கையை நீட்டி, மணிக்கட்டைப் பின்னால் மடக்கிப் பிடிக்கச் சொன்னேன். இரண்டு தடவை சொன்ன பிறகுதான் புரிந்தது. பிடித்த கைகள் நிற்கவில்லை, காற்றில் அடிபடும் ஈரத்துணி போலத் தட்டித் தட்டி ஆடின. கல்லீரல் வடிகட்ட முடியாத விஷம் மூளைக்குப் போகிறது என்பதற்கு அது அடையாளம். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. வயிற்றை அமுக்கினேன், வலிக்கவில்லை என்றார். இந்த நோயின் திருட்டுத்தனமே அதுதான். மற்றவர்களுக்கு வயிற்றில் கிருமி சேர்ந்தால் வயிறு பலகையாகும், வலியில் கத்துவார்கள். இவர்களுக்கு ஒன்றுமே இருக்காது. கொஞ்சம் பேச்சு மாறும், கொஞ்சம் சிறுநீர் குறையும். கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையைப் பார்த்தேன், குறைந்திருந்தது. டாக்டரைக் கூப்பிடச் சொல்லி சுனந்தாவை ஓடவிட்டேன். அவளும் அதற்குள் புரிந்துகொண்டு முகம் வெளுத்துப் போயிருந்தாள்.

டாக்டர் வந்தார், கையைத் தேய்த்துச் சூடாக்கினார், வயிற்றில் வைத்தார், முகத்தையே பார்த்தார். அந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

ஆனால் கையெழுத்து வேண்டுமே. சிவகாமி அப்போதுதான் ஆகுர்டியிலிருந்து லோக்கல் ரயில் பிடித்து உப்பில்லாத கஞ்சித் தூக்கோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொல்வதை நான் அவளுக்குத் தமிழில் சொன்னேன். கிருமி மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு இப்போதே ஆரம்பிக்கலாம், ஆரம்பிப்பார். ஆனால் குடலில் எங்காவது ஓட்டை விழுந்து அதனால் கிருமி சேர்ந்திருந்தால் மருந்து போதாது, கத்தி வைக்க வேண்டும். தானாகவே சேர்ந்த கிருமி என்றால் கத்தி வைப்பதே ஆளைக் கொன்றுவிடும். எது என்று நீரைப் பார்க்காமல் தெரியாது. மருந்து கேட்கிறதா இல்லையா என்பதும் நீரைப் பார்த்தால்தான் தெரியும்.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். தூக்கை மடியில் இறுக்கிக்கொண்டாள். "பெரியத்தான் வந்துரட்டும்க்கா. நானாச் சொல்லி, ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா, தண்ணி எடுக்கச் சொல்லிக் கொன்னுட்டான்னு ஆயுசுக்கும் சொல்லுவாக. ஊருக்குள்ள எப்படிப் போயி நிப்பேன்?"

நியாயம்தான். பத்தாவது படிக்கும் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரையே இன்னும் துடைக்க முடியாதவள், அதற்கு மேல் இன்னொரு பெயரையும் எப்படிச் சுமப்பாள்? ஆனால் நியாயம் எல்லாம் எனக்கு வராந்தாவில் உறைத்தது, கட்டிலைப் பார்த்தால் உறைக்கவில்லை. அழகப்பன் வீட்டுக்குப் போன் செய்தோம். கிளம்பிவிட்டார் என்றார்கள். சாங்வியிலிருந்து பஸ் பிடித்து, பாலம் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து வர வேண்டும். நான் வாசலுக்குப் போவேன், எட்டிப் பார்ப்பேன், திரும்பக் கட்டிலுக்கு வருவேன். டாக்டர் வேறு நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் புருவத்தை மட்டும் உயர்த்துவார். நான் உதட்டைப் பிதுக்குவேன். ஊசி வைக்கும் தட்டு துணி மூடித் தயாராக இருந்தது. அதன் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் சிவகாமியிடம் போய், "ஏம்மா, பஸ்ஸு வார வரைக்கும் கிருமி காத்துட்டு நிக்குமா? நீ உள்ள வா, வந்து ஒரு தடவ ஆளப் பாரு. அதுக்கப்புறம் நீ என்ன சொன்னாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றேன். கையைப் பிடித்து எழுப்பித்தான் கூட்டிப்போனேன்.

முத்தையா காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, எழுந்து உட்கார முயன்றார். வீட்டுக்கு வந்த அந்நியப் பெண்மணியிடம் பேசுகிற மரியாதையோடு சிவகாமியைப் பார்த்துக் கேட்டார்:

"பாயி, துமாலா கோண் பாஹிஜே?"

அம்மா, உங்களுக்கு யார் வேண்டும் என்று அர்த்தம். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. அவ்வளவு மராத்தி அவளுக்கும் தெரியும். சுனந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிவகாமி தூக்கைக் கீழே வைத்தாள். அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பேனாவக் குடுங்கக்கா. அவுகளுக்கே என்னையத் தெரியல. இனி ஊருக்கு என்னையத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்றாள்.

டாக்டர் ஊசி வைப்பதைப் புதியவர்கள் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். நோயாளியை இடது பக்கமாக லேசாகச் சாய்க்கச் சொல்வார். வயிற்றை விரலால் தட்டிக்கொண்டே கீழே வருவார். சத்தம் மந்தமாகிற இடத்தில் நகத்தால் ஒரு குறி. ஸ்பிரிட்டால் துடைத்து, பழுப்பு மருந்தைத் தடவி, அது உலர்கிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். அத்தனை அவசரத்திலும் அந்த உலர்வதற்கு மட்டும் காத்திருப்பார். அந்த இடம் மரத்துப்போக ஊசி போட்டபின், தோலைக் கீழ் நோக்கி ஒரு விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பெரிய ஊசியைச் செலுத்துவார். வெளியே எடுத்து விரலை விட்டதும் தோல் மேலேறி, உள்ளே இருக்கிற துளையை மூடிக்கொள்ளும். பிறகு நீர் கசியாது.

சிரிஞ்சில் நீர் ஏறியது. வைக்கோல் நிறத்தில் தெளிவாக வர வேண்டியது, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன்.

அந்த நீரை என்ன செய்வது என்பதில்தான் எங்கள் டாக்டர் ஒரு பிடிவாதக்காரர். பழைய வழக்கம் என்ன என்றால், சோதனைக் குழாயில் பஞ்சை அடைத்து லேபுக்கு அனுப்புவது. அங்கே அது யாராவது கவனிக்கும் வரை கிடக்கும். கிருமி எதுவும் வளரவில்லை என்று பதில் வரும், நோயாளி செத்துக்கொண்டிருப்பார். டாக்டர் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கிற புட்டியைக் கட்டிலுக்கே கொண்டுவர வேண்டும். ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, ஊசியை மாற்றி, அங்கேயே நீரை உள்ளே செலுத்த வேண்டும். மிச்சத்தை வேறு குழாயில் எடுத்துக்கொண்டு நர்ஸ் தானே லேபுக்கு நடந்துபோய், கிருமி சேர்ந்தால் பெருகுகிற வெள்ளணுவை எண்ணுகிறவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். நடந்து என்று அவர் சொன்னது எனக்கு ஓட்டம்தான்.

கிருமி என்று உறுதியாயிற்று. குடலில் ஓட்டை விழுந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. அதற்கு முன்பே மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்திருந்தோம். ஒரு பெரிய கவலை போய், இனிச் சிறுநீரகம் தாங்குமா என்ற அடுத்த கவலை வந்து உட்கார்ந்தது. இந்த நோயில் கிருமி மருந்துக்கு அடங்கிவிடும், சிறுநீரகம் கோபித்துக்கொண்டால்தான் ஆள் போவார். பிற்பாடு ஆல்புமின் என்ற புரதத்தை நரம்பில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவது வழக்கமாகிவிட்டது. அப்போது எங்களிடம் அந்த வழக்கம் இன்னும் வரவில்லை. பையில் ஒவ்வொரு சொட்டாக விழுகிறதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வைத்தியம்.

அழகப்பன் வந்தபோது முத்தையாவின் வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார். கத்துவார் என்று நான் தயாராக நின்றேன், நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கவும் மனசுக்குள் எடுத்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை. சிவகாமியிடம், "நீயே முடிவு பண்ணிட்ட. சரி. இனி நடக்குறதெல்லாம் உன்னோடது" என்றார். வெளியே போய் வராந்தா பெஞ்சில் வார்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சிவகாமி அவர் இருக்கிற பக்கமே பார்க்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடியை நான் மறக்கவில்லை. முத்தையா போய்விட்டால் அவள் போவதற்கு ஒரு வாசல்கூட மிச்சமிருக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

மறுநாள் சிறுநீர் இன்னும் குறைந்தது. இரத்தத்தில் அழுக்கு ஏறியது. முத்தையா யாரிடமும் எந்த மொழியிலும் பேசவில்லை. எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போய், குழம்பைக் கருகவிட்டு, கணவரிடம் சண்டை போட்டு, அவர் வாயே திறக்காததற்கும் சண்டை போட்டேன். அதற்கு மறுநாள் பையைப் பார்த்தபோது கொஞ்சம் கூடியிருந்தது. என் கண்ணை நான் நம்பாமல் சுனந்தாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளும் கூடியிருக்கிறது என்றாள். முத்தையா தண்ணீர் கேட்டார், தமிழில், என்னிடம்.

அன்றைக்கு மறுபடி ஊசி வைக்க வேண்டும். மருந்து கேட்கிறதா, வெள்ளணு குறைந்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. ஆள் தேறிவரும்போது எதற்கு இன்னொரு ஊசி என்று யாருக்கும் தோன்றும். சிவகாமி கேட்கவில்லை, எடுங்க என்றாள். நோயாளியைச் சாய்த்துப் பிடிக்க ஒரு கை தேவைப்பட்டது. டாக்டர் வராந்தாவுக்குப் போய் அழகப்பனிடம், தோளைப் பிடித்துக்கொள்ள வர முடியுமா என்று இந்தியில் கேட்டார். நான் பல்லைக் கடித்தேன். ஆனால் அவர் எழுந்து வந்தார். தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது என்றதும் திறந்தார். சிரிஞ்சில் நீர் தெளிந்திருந்தது.

"இம்புட்டுத்தானா?" என்று என்னைக் கேட்டார். "எங்க ஐயாவுக்குக் குடம் குடமா எடுத்தாகளே."

டாக்டருக்கு நான் அதைச் சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றாமலே நின்று, எவ்வளவு எடுத்தார்கள், எத்தனை நேரத்தில், அதற்குப் பிறகு சிறுநீர் போனதா என்று அழகப்பனிடம் ஒவ்வொன்றாக விசாரித்தார். பிறகு, நீங்கள் கண்டது சரிதான், அவ்வளவு நீரை ஒரேயடியாக எடுத்துவிட்டு அதற்கு ஈடாக நரம்பில் எதுவும் ஏற்றாமல் விட்டால் சிறுநீரகம் நின்று ஆள் போகலாம், உங்கள் பயத்தில் தவறில்லை, ஆனால் அது வேறு, இது வேறு என்றார். இத்தனை வருஷமாக இதைச் சொன்னால் பட்டிக்காட்டுப் பேச்சு என்றுதான் டாக்டர்கள் சிரித்தார்கள் என்றார் அழகப்பன். அன்றைக்கு மத்தியானம் சிவகாமி கொண்டுவந்த கஞ்சியை அவர்தான் தம்பிக்கு ஊட்டினார். இனி நடப்பதெல்லாம் உன்னோடது என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக வாயால் சொல்லவில்லை. அவருக்கு அவ்வளவு தூரம் இறங்கத் தெரியாது.

முத்தையா நடந்தே வீட்டுக்குப் போனார். போகும்போது என் மராத்தியில் ஒரு பிழையைத் திருத்திவிட்டுத்தான் போனார். கிருமி திரும்ப வராமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. தொழிற்சாலையில் ஸ்டோர் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மகள் பத்தாவது பாஸாகி ஜூனியர் காலேஜில் சேர்ந்ததற்கு எங்களுக்குப் பேடா கொண்டுவந்து கொடுத்தார். வார்டே சாப்பிட்டோம். ஆனால் டாக்டரும் சரி, நானும் சரி, ஒன்றை மறைத்துச் சிரித்தோம். ஒரு தடவை இந்தக் கிருமி வந்து போனவரின் கல்லீரல் இனி அதிக நாள் ஓடாது. மாற்றுக் கல்லீரல் என்பது அப்போது எங்கள் பக்கத்தில் பேச்சாகக்கூட இல்லை.

ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை எல்லாம் சரியாக நடந்தது. வந்த உடனே ஊசி, உடனே மருந்து. அழகப்பன்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். அப்படியும் சிறுநீரகம் திரும்பவில்லை. பை காலியாகவே தொங்கியது. இப்போது கைப்பேசியில் தட்டுகிற அந்த எண்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டன. நினைவு மட்டும், எப்படியோ, தெளிவாக இருந்தது. சிவகாமியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவள் வளையலை உருட்டிக்கொண்டே படுத்திருந்தார்.

டாக்டர் அழகப்பனை ஓரமாக அழைத்து, இனி ஊசியால் ஒன்றும் ஆகாது, அவருக்கு வலியில்லாமல் பார்த்துக்கொள்வோம் என்றார். அழகப்பன் கேட்கவில்லை. அன்றைக்கு வேண்டாம் என்று வராந்தாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்த மனிதர், இன்றைக்கு டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு எடுத்தீங்க, பிழைச்சான். இன்னைக்கு மட்டும் ஏன் மாட்டேங்குறீங்க? எடுங்க சார், இன்னொரு தடவ எடுத்துப் பாருங்க" என்று தமிழிலேயே சொன்னார். டாக்டர் மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் பிடித்த கையை விடுவித்துக்கொள்ளாமல் டாக்டர் அப்படியே நின்றார்.

சிவகாமி கட்டிலிலிருந்து எழுந்திருக்கவில்லை. வளையலோடு சேர்த்து முத்தையா பிடித்திருந்த கையை அவள் எடுத்துக்கொள்ளவும் இல்லை. அங்கிருந்தபடியே சொன்னாள்:

"வேண்டாம் பெரியத்தான். விட்டுருங்க. இன்னைக்கு அவுகளுக்கு என்னையத் தெரியுது."